கடல் உச்சரிப்பதும் கடல் தின்பதும்
பாக்டீரியாப் பிரதிகளை வாசிப்பது குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

பிரதி, வாசிப்பு, மொழிபெயர்ப்பு என்கிற சொற்களைத் தமிழ்ச் சிறுபத்திரிகைக்காரர்கள் கைப்பற்றுவதற்கு வெகுகாலம் முன்பே மூலக்கூறு உயிரியல்காரர்கள் கைப்பற்றிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தைப் புரட்டினாலே தெரியும். டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உண்டாவது 'படியெடுத்தல்'. ஆர்.என்.ஏ.விலிருந்து புரதம் உண்டாவது 'மொழிபெயர்த்தல்'. துண்டுதுண்டாகச் சேர்த்துவைத்த டி.என்.ஏ. 'மரபணு நூலகம்'. மரபணு ஒன்று வேலைக்கு இறங்கினால் அது 'வெளிப்பாடு'. உயிரணுவுக்குள் நடப்பதைக்கூட எழுத்து என்றும் நிரல் என்றும் உயிரியலாளர்கள் பேசத் தொடங்கிவிட்டதை 1967-லேயே தெரிதா கவனித்து எழுதியிருக்கிறார். 1970களின் நடுவில் பிரான்சுவா ழக்கோப்பின் நூலை முன்வைத்துக் கருத்தரங்கும் நடத்தினார். நாம் தெரிதாவை எடுத்துக்கொண்டோம், உயிரணுவை விட்டுவிட்டோம். 'அது சயின்ஸ்காரங்க சமாச்சாரம்' என்று ஒதுக்கியாயிற்று.

ஒதுக்கியதன் விலை சாதாரணமானது அல்ல. கடந்த இருபது ஆண்டுகளாகக் கடலாய்வில் ஒரு வாசிப்பு முறை வளர்ந்து நிலைபெற்றிருக்கிறது. கடல்நீரிலுள்ள பாக்டீரியாக்கள் அந்தந்தக் கணத்தில் எந்தெந்த மரபணுக்களை வெளிப்படுத்திக்கொண்டிருக்கின்றன என்று படித்து, அதிலிருந்து கடலுக்குள் கார்பன் எங்கிருந்து எங்கே போகிறது என்று சொல்கிற முறை அது. இந்த மாதிரி வாசிப்புகளின் மேல்தான் எண்ணெய்க் கம்பெனிகளின் ஆறுதல் வாக்கியங்களும் கார்பன் வியாபாரிகளின் கணக்குகளும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இதன் சாதனைகளை மறுப்பது என் நோக்கமல்ல. பல இடங்களில் அவை பிரமிக்க வைப்பவை. ஆனால் வாசிப்பு என்று ஒன்று இருந்தால் அதற்கு விமர்சனமும் உண்டு. ஒரு உயிரியிடம் ஒரு மரபணு இருப்பது வேறு, அதை அது உச்சரிப்பது வேறு, உச்சரித்ததைச் செய்துமுடிப்பது வேறு. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புகிற இடத்தில் யாருக்கு லாபம் என்பதே இங்கு கேள்வி.

கொஞ்சம் பின்கதை தேவைப்படுகிறது. கடலின் உணவுச் சங்கிலி என்று நமக்குச் சொல்லித்தரப்பட்டது ஒரு ஜமீன் வம்சாவளி மாதிரி இருக்கும். மிதவைத் தாவரத்தைப் பொடி உயிரிகள் தின்னும், அவற்றைச் சின்ன மீன், அதைப் பெரிய மீன். பாக்டீரியா கடைசி வரியில், செத்ததை அகற்றுகிற வேலைக்கு மட்டும் வந்துபோகும். யாரை எந்த வேலைக்கு எந்த வரியில் வைப்பது என்பதில் நம்ம ஊர்ப் புராணத்துக்கும் இந்த எழுத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1974-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் பாமராய் இந்தக் கதையைத் திருத்தி எழுதச் சொன்னார். 1983-ல் ஃபரூக் ஆஸமும் சகாக்களும் 'நுண்ணுயிர் வளையம்' என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார்கள். மிதவைத் தாவரங்கள் ஒளிச்சேர்க்கையில் கட்டுகிற கார்பனில் ஏறக்குறைய பாதி, மீன் வாய்க்குப் போகாமல், கரைந்த பொருளாக நீரில் கலந்து பாக்டீரியாக்களின் வழியாகப் போகிறது என்பது இன்று பொதுவில் ஏற்கப்பட்ட கணக்கு. கடலில் இப்படிக் கரைந்து கிடக்கும் கரிமப் பொருளிலுள்ள கார்பன் சுமார் 66,000 கோடி டன். காற்றில் கார்பன்-டை-ஆக்சைடாக இருக்கும் கார்பனோடு ஒப்பிடத்தக்க அளவு அது.

அதற்கு முன் யாரும் பாக்டீரியாவைப் பார்க்கவே இல்லையா? பார்த்தார்கள். ஆய்வகத் தட்டில் வளர்கிறவற்றை மட்டும் எண்ணினார்கள். கடல்நீர் ஒரு மில்லிலிட்டரில் சுமார் பத்து லட்சம் உயிரணுக்கள் இருக்க, தட்டில் முளைத்தவை நூற்றில் ஒன்றுகூட இல்லை. எஸ்.ஏ.ஆர்.11 என்று ஒரு கூட்டம். உலகில் மிக அதிக எண்ணிக்கையில் வாழும் உயிரிகளில் அதுவும் ஒன்று. 1990-ல் சர்காசோ கடல் நீரில் ஒரு மரபணு வரிசையாக மட்டும் அது தெரியவந்தது. 2002 வரை அதை யாராலும் ஆய்வகத்தில் வளர்க்க முடியவில்லை. பன்னிரண்டு வருஷம் அது வெறும் எழுத்தாகவே அறியப்பட்டிருந்தது. பிரதிக்கு வெளியே எதுவுமில்லை என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டு சண்டை போட்டவர்களுக்கு இந்தச் செய்தி அப்போது கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2004-ல் கிரெய்க் வென்டர் குழு அதே சர்காசோ நீரை அள்ளி, அதிலிருந்த டி.என்.ஏ.வை மொத்தமாகப் படித்து, 12 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய மரபணுக்களை அறிவித்தது. இதை நான் சொத்துப் பட்டியல் வாசிப்பு என்பேன். வீட்டில் அரிவாள் இருக்கிறது, ஏர் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போவது. உழுகிறார்களா, படிக்கிறார்களா என்று அந்தப் பட்டியல் சொல்லாது. டி.என்.ஏ. நிலைத்து நிற்பது. செத்த உயிரணுவிலும் கொஞ்ச காலம் கிடக்கும்.

தூது ஆர்.என்.ஏ. அப்படிப்பட்டதல்ல. பாக்டீரியாவுக்குள் அதன் ஆயுள் பெரும்பாலும் நிமிஷக் கணக்கு. தேவை வந்ததும் உரிய மரபணுவிலிருந்து படி எடுக்கப்படுகிறது, அதைப் பார்த்துப் புரதம் செய்யப்படுகிறது, படி சிதைக்கப்பட்டுவிடுகிறது. கடலில் வாழும் ஒரு பாக்டீரியாவின் உயிரணுவுக்குள் ஒரு கணத்தில் சுமார் 200 தூது ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளே இருக்கும் என்று ஜார்ஜியாவின் மேரி ஆன் மோரனும் சகாக்களும் 2013-ல் மதிப்பிட்டார்கள். மரபணுக்களோ ஆயிரத்துக்கும் மேல். அதாவது எந்தக் கணத்திலும் ஒரு உயிரணுவின் பெரும்பான்மை மரபணுக்கள் மௌனம் காக்கின்றன. கோடிக்கணக்கான உயிரணுக்களைச் சேர்த்து வடிகட்டிப் படித்தால்தான் கூட்டத்தின் பேச்சு கேட்கும்.

படிக்கும் முறையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் விமர்சனத்துக்கான இடங்கள் அங்கேதான் உள்ளன. நீரை அள்ள வேண்டும், வடிகட்ட வேண்டும், சட்டென்று உறையவைக்க வேண்டும். பிறகு ஆர்.என்.ஏ.வைப் பிரிக்க வேண்டும். அதில் மிகப் பெரும் பகுதி ரைபோசோம் ஆர்.என்.ஏ.; அதைக் கழிக்க வேண்டும். மிச்சத்தை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதி, வரிசையைப் படித்து, ஏற்கெனவே தெரிந்த மரபணுக்களின் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பெயர் சூட்ட வேண்டும். ஆழ்கடல் நீர் என்றால், அள்ளிய பாட்டில் மேலே வந்துசேரவே நேரம் பிடிக்கும். அழுத்தம் மாறும், சூடு மாறும். அந்த நேரத்துக்குள் பாக்டீரியா வேறு பேச்சுக்குப் போயிருக்கும். காவல் நிலையத்தில் எடுத்த வாக்குமூலத்துக்கும் சம்பவ இடத்தில் கேட்ட கூக்குரலுக்கும் உள்ள தூரம் நம் வாசகத் தோழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆய்வாளர்களுக்கும் இது தெரியும். அதனாலேயே ஆழத்திலேயே நிலைப்படுத்திக்கொண்டு மேலே வரும் கருவிகளைச் செய்திருக்கிறார்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் பாக்டீரியாவின் வாயைப் பார்க்க வேண்டும்? கடல்நீரை வேதியியல் முறையில் நேராகப் பிரித்துப் பார்த்துவிடலாமே? இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. கரைந்த கரிமப் பொருளில் ஆயிரக்கணக்கான சேர்மங்கள். அவற்றுள் பாக்டீரியாவுக்குப் பிடித்தவை சுரந்த வேகத்தில் தின்னப்பட்டுவிடும். ஆகவே எது அதிகமாகக் கைமாறுகிறதோ அது நீரில் மிகக் குறைவாகத் தென்படும். வேதியியலாளரின் கருவியில் நிறையச் சிக்குவது பெரும்பாலும் யாரும் சீந்தாத மிச்சம். பந்தி முடிந்த பிறகு இலையைப் பார்த்தால் ஒதுக்கிவைத்த கறிவேப்பிலைதான் தெரியும், பாயசம் தெரியாது. பாயசம் போட்டார்களா என்று சாப்பிட்டவனைத்தான் கேட்க வேண்டும்.

2015-ல் வெளிவந்த ஒரு சோதனை இதைத்தான் செய்தது. தலாசியோசிரா என்ற டயட்டத்தையும் ரூஜேரியா பாமராயி என்ற பாக்டீரியாவையும் ஒரே நீரில் வளர்த்தார்கள். (பாக்டீரியாவின் பெயரில் இருப்பவர் மேலே சொன்ன பாமராய்தான்.) இந்த டயட்டத்துக்கு பி12 வைட்டமின் வேண்டும், தானாகச் செய்துகொள்ளத் தெரியாது. பாக்டீரியாவுக்குச் செய்யத் தெரியும், ஆனால் தின்ன வேறு எதுவும் தரப்படவில்லை. டயட்டம் கசியவிடுவதுதான் சாப்பாடு. இந்நிலையில் பாக்டீரியா எந்த மரபணுக்களை உரக்கச் சொல்கிறது என்று படித்தார்கள். டி.எச்.பி.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும், கந்தகம் கொண்ட ஒரு கரிமச் சேர்மத்தை உள்ளே இழுத்து உடைக்கிற மரபணுக்களின் குரல் எகிறியிருந்தது. கடலின் நுண்ணுயிர் உணவு வலையில் அதற்கு ஓர் இடம் உண்டு என்று அதுவரை யாரும் கணக்கில் வைத்ததில்லை. பிறகு டயட்டத்துக்குள் தேடிப் பார்த்தால் அது ஏராளமாக இருந்தது. திறந்த கடலிலும் பிற்பாடு அதன் தடயங்கள் கிடைத்தன. ஒரு பொருளை, அதைத் தின்பவனின் உச்சரிப்பிலிருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். பேசுபவனை வைத்து, பேசப்படாமல் விடப்பட்டதைக் கண்டெடுக்கிற இந்த வாசிப்பு, நம் இலக்கிய விமர்சனத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பல மறுவாசிப்புகளைவிட நேர்மையானது. உச்சரிப்பைக் கேட்டதோடு நிறுத்தாமல், பொருள் உண்மையில் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தார்கள் என்பதால் சொல்கிறேன்.

'சரிப்பா, இதுக்கும் நம்ம போராட்டத்துக்கும் என்ன?' என்று கேட்கிறவர்களை மெக்சிகோ வளைகுடாவுக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கிறது. எண்ணெயும் கார்பன்தானே. கடலுக்குள் கோடிக்கணக்கான வருஷத்துப் பழைய கார்பன் ஒரே மூச்சில் கொட்டப்பட்டால் யார் தின்பது, எதைத் தின்பது என்ற கேள்வி அங்கே நீதிமன்றம் வரைக்கும் போன காலத்தில் எழுந்தது.

2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். சுமார் 1,500 மீட்டர் ஆழத்திலிருந்த பி.பி. கம்பெனியின் கிணறு 87 நாள் பீறிட்டது. அமெரிக்க அரசு கணக்கில் சுமார் 49 லட்சம் பீப்பாய் எண்ணெய் வெளியேறியது. 2015 ஜனவரியில் நீதிமன்றம் கடலில் கலந்ததாக ஏற்றுக்கொண்டது 31.9 லட்சம் பீப்பாய். பீப்பாய்க் கணக்கில் அபராதம் என்பதால் எண்ணிக்கை மேலேயே பெரிய சண்டை. எண்ணெயை உடைத்துக் கலைக்கும் ரசாயனம் 18 லட்சம் கேலனுக்கும் மேல் கொட்டப்பட்டது, அதில் பெரும்பங்கு மேற்பரப்பில், மீதி ஆழத்தில் கிணற்று வாயிலேயே. எண்ணெய் முழுவதும் மேலே வரவில்லை. சுமார் 1,100 மீட்டர் ஆழத்தில் மேகம் போலப் படர்ந்து கிடந்தது.

ஆகஸ்ட் மாதம் இரண்டு விஷயங்கள் நடந்தன. மாதத் தொடக்கத்தில் வெள்ளை மாளிகை அதிகாரி ஒருவர் தொலைக்காட்சியில் தோன்றி எண்ணெயில் பெரும்பகுதி போய்விட்டது என்ற பொருள்படப் பேசினார். அதே மாதக் கடைசியில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் குழு ஒன்று, ஆழ்கடல் எண்ணெய் மேகத்தில் எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்கள் பெருகியிருப்பதாக ஒரு ஆய்வை வெளியிட்டது. சில எண்ணெய்க் கூறுகள், ஆல்கேன் எனப்படும் நேர்ச்சங்கிலிச் சேர்மங்கள், 1.2 முதல் 6.1 நாளுக்குள் பாதியாகக் குறைவதாக அதில் கணக்கு. அந்த ஆய்வுக்கான பணம் வந்த வழி, பி.பி. கம்பெனி பத்து ஆண்டுகளுக்கு 50 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு ஏற்படுத்திய ஓர் ஆய்வு நிறுவனம். அந்த ஒப்பந்தம் விபத்துக்கு முந்தையது. பத்திரிகைகளில் வந்தது என்ன? பாக்டீரியா எண்ணெயைத் தின்றுவிட்டது. அவ்வளவுதான்.

பணத்தின் ஊரைச் சொல்லிவிட்டதோடு விமர்சனம் முடிந்தது என்று நம்மில் பலர் கையைத் தட்டி எழுந்துவிடுவார்கள். எனக்கு அது போதாது. அந்த ஆய்வு என்ன மாதிரியான வாசிப்பைச் செய்தது என்று பார்க்க வேண்டும். மரபணுக்களைப் பொறுத்தவரை அது படித்தது டி.என்.ஏ.வை, எண்ணெய்ச் சேர்மங்களை உடைக்கும் மரபணுக்கள் மேகத்துக்குள் கூடியிருக்கின்றன என்றது. சொத்துப் பட்டியல். ஆல்கேன் குறைவதை நேராகவும் அளந்தது, அது உண்மையும்கூட. ஆனால் எண்ணெய் என்பது ஆல்கேன் மட்டுமல்ல. டொலுவீன் உண்டு, எத்தில்பென்சீன் உண்டு, பல வளையங்கள் கொண்ட நறுமண ஹைட்ரோகார்பன்கள் உண்டு. மீனுக்கும் மனிதருக்கும் கேடு செய்வதில் இவை முக்கியமானவை, புற்றுநோய் வரை.

2012-ல், கவனியுங்கள், அதே லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. இம்முறை டி.என்.ஏ.வோடு தூது ஆர்.என்.ஏ.வையும் படித்தார்கள். ஆல்கேனை உடைக்கும் மரபணுக்கள் இருந்தன, உரக்க உச்சரிக்கவும்பட்டன. நறுமணச் சேர்மங்களை உடைக்கும் மரபணுக்களும் இருந்தன. ஆனால் அவற்றின் குரல் மிகத் தாழ்ந்திருந்தது, சில கேட்கவே இல்லை. கருவி வீட்டில் இருந்தது, யாரும் கையில் எடுக்கவில்லை. பட்டியலை மட்டும் வாசித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. 'பாக்டீரியா எண்ணெயைத் தின்றுவிட்டது' என்ற வாக்கியத்தில் 'எண்ணெய்' என்ற சொல்லுக்குள் எவ்வளவு மறைக்கப்பட்டது என்பதை இந்த வாசிப்புதான் வெளியே இழுத்துப் போட்டது. சுலபமானதைத் தின்றது, கடினமானதைத் தின்ன அப்போதைக்கு வாய் திறக்கவில்லை.

இங்கே நாம் சந்தோஷத்தில் குதித்துவிடக் கூடாது. குரல் தாழ்ந்திருந்தது என்பதாலேயே தின்னவில்லை என்று ஆகிவிடாது. புரதம் ஒருமுறை செய்யப்பட்டால் படி அழிந்த பிறகும் மணிக்கணக்கில், அதற்கு மேலும் வேலை செய்யும். எடுத்த மாதிரிகளும் மிகச் சிலவே. எடுத்தது சில நாள், கொட்டியது 87 நாள். தவிர இந்த முறையில் கிடைப்பது விழுக்காடு, அளவு அல்ல. நூறு பேர் கூடிய இடத்தில் பத்துப் பேர் சோறு கேட்டார்கள் என்று தெரியும். கூட்டம் நூறா ஆயிரமா என்பது வேறு வழியில் தெரிய வேண்டும். கூட்டத்தில் வேறொருவன் கத்தினால் உன் குரல் குறைந்ததாகக் கணக்கு வரும், நீ அதே சத்தத்தில் பேசிக்கொண்டிருந்தாலும். இதைச் சரிக்கட்ட, அளவு தெரிந்த செயற்கை ஆர்.என்.ஏ.வை முன்கூட்டியே கலந்துவைத்து ஒப்பிடும் முறையை மோரனின் குழு கையாண்டது. அப்படிச் செய்யாத ஆய்வுகளின் 'அதிகரித்தது', 'குறைந்தது' எல்லாவற்றையும் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

ஆகவே வளைகுடாவில் மிச்சக் கதையைச் சொன்னது வேறு சாட்சிகள். எண்ணெயில் ஒரு பகுதி கடலடியில் சுமார் 3,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் படிந்திருந்ததை 2014-ல் கண்டார்கள். ஆழத்தில் சிக்கிக்கொண்டதாக நம்பப்பட்ட எண்ணெயில் 4 முதல் 31 விழுக்காடு வரை அங்கே போயிருக்கலாம் என்று மதிப்பீடு. எண்ணெயைக் கலைக்கக் கொட்டிய ரசாயனம், எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்களின் செயலைச் சில நிலைமைகளில் ஒடுக்கவும் செய்யும் என்று 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. அதை மறுப்பவர்களும் உண்டு, விவகாரம் தீரவில்லை.

எண்ணூரில் இதே வாக்கியத்தை நாம் கேட்டிருக்கிறோம். 2017 ஜனவரி 28-ல் இரண்டு கப்பல்கள் மோதி, கரையொதுங்கிய எண்ணெய்க் கசடை இளைஞர்களும் மீனவர்களும் வாளியில் அள்ளினார்கள். அள்ளிச் சேர்த்த கசடை நுண்ணுயிரைக் கொண்டு சிதைக்கப்போவதாக அரசுத் தரப்பு அறிவித்தது. சேர்த்துவைத்த கசடில் அது நடக்கக்கூடிய காரியமே. அள்ளப்படாமல் பாறையிடுக்கிலும் முகத்துவாரச் சேற்றிலும் தங்கியது என்ன ஆயிற்று? எந்தச் சேர்மம், எந்த வேகத்தில்? 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடி எண்ணெய் புகுந்தபோதும் கேட்க வேண்டியிருந்த கேள்விகள் இவையே. 'பாக்டீரியா பாத்துக்கும்' என்கிறவரிடம், இருக்கிறதா, பேசுகிறதா, தின்கிறதா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்கிற அளவுக்கு நம் செயல்பாட்டாளர்களுக்கு இந்த அறிவியல் தேவை. இதை யாரும் நமக்குக் கரண்டியில் ஊட்டப் போவதில்லை.

*

அகராதி குறித்தும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2008-ல் ஹவாய்க்கு அருகே திறந்த கடலில் இந்த முறையை விரிவாகக் கையாண்ட முன்னோடி ஆய்வில், படிக்கப்பட்ட படிகளில் ஏறக்குறைய பாதி அதுவரை எந்தக் கடல் மரபணுத் தொகுப்பிலும் காணப்படாதவை. பெயர் சூட்டப்படுபவற்றுக்கும் பெயர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மனிதக் குடலில் வாழும் ஈ. கோலை போன்ற, ஆய்வகத்தில் வளர்க்கச் சுலபமான சில உயிரிகளிடமிருந்து. அங்கே ஒரு மரபணு சர்க்கரையைக் கடத்தியது என்றால், சாயலில் ஒத்த கடல் மரபணுவுக்கும் சர்க்கரை கடத்தி என்றே பெயர் விழும். காலனிய அதிகாரி தன்னிடமிருந்த வகைப்பாட்டை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சாதி எழுதிய கதைதான். எழுதியபின் அது எழுதப்பட்டபடியே ஆகிவிடுகிற ஆபத்து இங்கேயும் உண்டு. தவறாக இட்ட பெயர் தரவுத்தளத்திலிருந்து தரவுத்தளத்துக்குப் படியெடுக்கப்பட்டு உறைந்துவிடும். மிச்சமெல்லாம் 'அறியப்படாத செயல்' என்ற தொகுதிக்குள் தள்ளப்படும். கட்டுரைகளின் வண்ண வரைபடங்களில் அந்தத் தொகுதி வராது. கார்பன் கதையின் எத்தனை பங்கு அந்த வராத தொகுதிக்குள் நடக்கிறது என்று கேட்காமல் வரைபடத்தை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை.

அகராதிக்குச் சொந்தக்காரர் யார் என்பது அடுத்தது, சுருக்கமாகவே சொல்கிறேன். 862 கடல் உயிரினங்களிலிருந்து காப்புரிமைகளில் ஏறிய 12,998 மரபணு வரிசைகளைத் தொகுத்து 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. அவற்றில் 47 விழுக்காடு ஒரே கம்பெனி, பி.ஏ.எஸ்.எஃப்., பதிந்தவை. வரிசைகளில் பெரும்பான்மை நுண்ணுயிர்களுடையவை. ஐ.நா.வில் 2023-ல் ஏற்கப்பட்ட ஆழ்கடல் உடன்படிக்கை, நாடுகளின் எல்லைக்கு வெளியேயுள்ள கடலின் மரபணு வளத்தையும் அதன் வரிசைத் தகவலையும் பகிர்வுக்குள் கொண்டுவரப் பார்க்கிறது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போனதை என்ன செய்வது என்பதில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை.

எண்ணெய் கொட்டுகிறவர்களுக்கு பாக்டீரியா தின்ன வேண்டும். இன்னொரு தரப்புக்கு பாக்டீரியா தின்னக் கூடாது. கடலில் இரும்புத் தூள் தூவி மிதவைத் தாவரங்களைப் பெருக்கினால் அவை காற்றிலுள்ள கார்பனை இழுத்துக்கொண்டு ஆழத்தில் போய் அமிழும், அதைக் கடன்பத்திரமாக்கி விற்கலாம் என்று ஒரு யோசனை 1990களிலிருந்து சுற்றிவருகிறது. 2009-ல் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் தென்பெருங்கடலில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இதைச் சோதித்தன, லோஹாஃபெக்ஸ் என்ற பெயரில். முந்தைய ஆண்டுதான் உயிரியல் பன்மைக்கான உடன்படிக்கை நாடுகள் இத்தகைய வேலையைத் தள்ளிவைக்கச் சொல்லியிருந்தன. சூழலியல் அமைப்புகள் எதிர்த்தன. கப்பல் புறப்பட்ட பிறகு ஜெர்மன் அரசு சில நாள் நிறுத்திவைத்துப் பிறகு அனுமதித்தது. பாசி வளர்ந்தது. வளர்ந்ததைக் கடலின் பொடி மேய்ச்சல் உயிரிகள் தின்றன. ஆழத்துக்குப் போன கார்பன் சொற்பம். சோதனைக்காரர்களே அதை வெளிப்படையாகச் சொன்னார்கள், அந்த மரியாதையை அவர்களுக்குத் தர வேண்டும். ஆனாலும் யோசனை சாகவில்லை. கடற்பாசி வளர்த்து அமிழ்த்துவது, காரத்தன்மையைக் கூட்டுவது என்று வேறு வேஷங்களில் கம்பெனிகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் உயிர்ப்பொருளை அமிழ்த்தும் திட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் கணக்கு தள்ளாடும்: அமிழ்ந்ததை பாக்டீரியா எப்போது, எந்த ஆழத்தில் தின்று திரும்பவும் கார்பன்-டை-ஆக்சைடாக விடும்?

மரபணு வெளிப்பாட்டை வைத்து இதற்குப் பதில் சொல்லலாம் என்று சிலர் நம்புகிறார்கள். எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆழ்கடலில் கரைந்து கிடக்கும் கார்பனின் சராசரி வயது கதிரியக்கக் கார்பன் கணக்கில் 4,000 முதல் 6,000 வருஷம். அது ஏன் தின்னப்படாமல் கிடக்கிறது என்பதில் இன்றும் கட்சிகள் உண்டு. அதன் மூலக்கூறுகள் உடைக்கக் கடினமானவை என்கிறது ஒரு கட்சி. ஒவ்வொரு மூலக்கூறும் நீரில் அவ்வளவு அருகிப்போயிருக்கிறது, அதைத் தேடித் தின்பது கட்டுப்படியாகாது என்கிறது இன்னொன்று. தின்னும் பாக்டீரியாக்களே தின்ன முடியாததையும் உற்பத்தி செய்கின்றன என்று 2010-ல் நியான்ஷி ஜியாவோவும் சகாக்களும் வாதிட்டார்கள். அப்படியானால் தின்பதும் சேமிப்பதும் ஒரே வாயின் வேலை ஆகிவிடுகிறது. எதுவாயினும், ஆறாயிரம் வருஷத்து மௌனத்தைச் சில நிமிஷம் உயிர் வாழும் மூலக்கூறு ஒன்றின் வாயால் பேசவைக்கப் பார்க்கிறோம். ஆழத்தில் ஒரு பாக்டீரியா, நூறு வருஷத்துக்கு ஒருமுறை தேவைப்படும் ஒரு சொல்லை நாம் பாட்டில் இறக்கிய அந்த நாளில் உச்சரித்துக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. உச்சரிக்கவில்லை, ஆகவே நூறு வருஷத்துக்குப் பத்திரமாக இருக்கும் என்று சான்றிதழ் அச்சடிக்கிறவன் வரத்தான் போகிறான். வந்தால் அவனிடம் எத்தனை பாட்டில், எந்த மாதம், மேலே வர எவ்வளவு நேரம் ஆயிற்று, பெயர் தெரியாத படிகள் எத்தனை விழுக்காடு என்று கேட்கலாம்.